அரைப் பரீட்சை லீவும் ரெண்டு வயசுப் பிள்ளையும்: கடற்கரை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரைப் பரீட்சை லீவு விட்டால் எங்கள் வீட்டுத் தண்ணி டிரம்மில் மூடி நிற்காது. மதுரையிலிருந்து மதினி குடும்பம், தூத்துக்குடியிலிருந்து கொழுந்தன் குடும்பம் என்று ஒரு டஜன் பேர் வந்து இறங்கினால் ஆளாளுக்கு மொண்டுகொண்டே இருப்பார்கள். மூடி சுவரோரம் சாய்ந்து கிடக்கும். ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்துவைத்தால்தான் உண்டு. அதனால் டிரம், அண்டா, குடம் எல்லாம் வாசல் பக்கத்திலேயே இருக்கும்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் என் சின்னவன் அங்கேதான் நின்றான். அப்போது அவனுக்கு ஒரு வயசு எட்டு மாதம். பாதி மண்ணில் புதைத்த டிரம்மின் விளிம்பில் வயிற்றைக் கொடுத்து, உள்ளே மிதந்த சிவப்பு மக்கை எட்டிக்கொண்டிருந்தான். கால் இரண்டும் தரையில் இல்லை. சத்தமும் இல்லை. மீன் கழுவ வந்த அத்தை டவுசரைப் பிடித்து இழுத்ததோடு போயிற்று. அப்போது வீட்டில் பெரியவர்கள் மட்டும் எட்டுப் பேர். எட்டுப் பேரும் "பிள்ளை அவங்ககிட்ட இருக்கும்" என்று நினைத்திருந்தோம்.

லீவு நாளில் ஆபத்து புதிதாக எங்கிருந்தும் வருவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. டிரம் வருஷம் முழுக்க அங்கேதான் இருந்தது. மூடி மட்டும் இடம் மாறியிருந்தது. பிள்ளையின் தூக்கம், சோறு, மருந்து, பழகிய முகம் எல்லாமே இந்தப் பத்துப் பதினைந்து நாளில் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறுகின்றன.

ஆகவே முதல் தவறு, "எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்று விடுவது. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு உடம்போடு பார்த்தால் தலை கனம். தலைகீழாக விழுந்தால் தானாக நிமிர முடியாது. அரை அடித் தண்ணீர் போதும். சினிமாவில் வருவதுபோலக் கத்தாது, கையைக் காலை அடித்துக்கொள்ளாது. குளியலறை வாளி, மீன் கொண்டுவந்த ஐஸ் பெட்டியில் உருகி நிற்கும் தண்ணீர், இரண்டுமே இந்தக் கணக்கில் சேரும். இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பிள்ளையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "மதினி, தம்பி இப்ப ஒங்க பொறுப்பு." அவர் "சரித்தா" என்று சொன்ன பிறகுதான் நான் நகர்வேன். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பழகிவிட்டது.

அடுத்து, விருந்தாளிகளின் பை. நம் வீட்டு மாத்திரை டப்பா அலமாரி உச்சியில் இருக்கும். ஊரிலிருந்து வரும் தாத்தாவின் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தரையில் வைத்த தோள்பையில், மிட்டாய்ப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பெரியவர் போடும் சர்க்கரை மாத்திரையில் சில வகை, ஒன்றே ஒன்று வயிற்றுக்குள் போனாலும் சின்னப் பிள்ளைக்கு ரத்தச் சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடும். வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே பையை வாங்கி ஆணியில் மாட்டிவிடுங்கள். மரியாதை செய்ததாகவும் இருக்கும்.

கற்பூரத்தைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது நம் பக்கம் பரம்பரைப் பழக்கம். அந்தக் கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். வாயில் போட்டு விழுங்கினால் கொஞ்ச நேரத்திலேயே வலிப்பு வரலாம். பிள்ளை கண்ணுக்குக் கற்பூரமும் கல்கண்டும் ஒன்றுதான், இரண்டும் பளபளப்பான கட்டி. மார்கழி முழுக்க விடியக்காலையில் பூஜை நடக்கும் வீடுகளில் கற்பூர டப்பா கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வேறு கதை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபுராளிகள் ஊருக்கு வரும்போது ஆளுக்கு ரெண்டு பாட்டில் தைலம் தருவார்கள். தலைவலிக்கு நமக்கு அருமையான மருந்துதான். ரெண்டு வயசுக்குள் இருக்கும் பிள்ளையின் மூக்கடியில் தடவினால் மூச்சே தடுமாறும். மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம், அது நுரையீரலுக்குப் போகும். குளிப்பாட்டி சாம்பிராணிப் புகை காட்டுவதும் சளி பிடித்த நெஞ்சுக்கு எதிரிதான். அத்தைக்கு இதில் இன்னும் என்மேல் வருத்தம் உண்டு.

மண்ணெண்ணெய், டீசல், தின்னர் இவற்றைத் தண்ணி பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் படகுக்காரர் வீடுகளில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு அது என்ன பாட்டில் என்று எப்படித் தெரியும்? குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் இறங்குவதுதான் பெரிய கேடு. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு 108-க்குப் போன் போடுங்கள். குடிலில் வைக்கும் மினுக்கு மெழுகுவர்த்தியிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரிக்கும் அவசரம் இதேதான். தொண்டையில் சிக்கினால் ரெண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். பழத்தைக் கொடுத்துத் தள்ளிப்பார்ப்பது, காலைவரை காத்திருப்பது எல்லாம் கூடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். கிறிஸ்துமஸ் மத்தியானம், சீலா மீன் குழம்பு. பிள்ளையைச் சுற்றி ஆளாளுக்கு ஒரு வாய் ஊட்டுவார்கள். ஊட்டுகிற ஒவ்வொருவரும் முள் எடுத்துவிட்டதாகத்தான் சொல்வார்கள். முள் எடுப்பது கண் வேலை இல்லை, விரல் வேலை. துண்டைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, மாவு பிசைவதுபோல நசுக்கி, குறுக்காக ஒருமுறை, நெடுக்காக ஒருமுறை தேய்த்துப் பார்த்தால் மயிர்முள்கூடத் தட்டுப்படும். பேச்சு சுவாரஸ்யத்தில் ஊட்டும் சித்தப்பாவுக்கு இது வராது. ஒரு வேளைக்கு ஒரே ஆள் ஊட்டட்டும். காரல், சூடை போன்ற பொடிமீனுக்கு முள் மிக நுணுக்கம், சாறு மட்டும் போதும். சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அடிக்கடி வேண்டாம்.

கடலை, முழு முந்திரி, திராட்சை, சுண்டல், அச்சு முறுக்கு எல்லாமே மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. ஓடிக்கொண்டே, சிரித்துக்கொண்டே தின்னும்போது இன்னும் அதிகம். இந்தப் பருவத்துப் பனங்கிழங்கும்தான். அவித்த கிழங்கை அப்படியே கையில் கொடுத்தால் தும்பு தொண்டையில் நிற்கும். தும்பை உரித்து, இடித்து, கருப்பட்டி துளி சேர்த்துக் கொடுக்கலாம். அடைத்துவிட்டால், பிள்ளை இருமவோ அழவோ முடிந்தால் இருமவிடுங்கள். சத்தமே வராவிட்டால் குனியவைத்து முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வாய்க்குள் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் கீழே போகும்.

குளிர் விஷயத்தில் நாம் கொஞ்சம் நாடகக்காரர்கள். டிசம்பர், ஜனவரியிலும் இந்தக் கடற்கரையில் இரவு வெப்பம் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஊட்டிக்குப் போகிற மாதிரி கம்பளிச் சட்டை, குரங்குக் குல்லா, மேலே போர்வை! பிள்ளை கழுத்துக்குப் பின்னால் கைவைத்துப் பாருங்கள், வேர்த்திருந்தால் கழற்றுங்கள். தூங்கும்போது குல்லா வேண்டவே வேண்டாம். உண்மையில் குளிர வைப்பது ஈரம்தான். சொந்தக்காரர்கள் வந்ததும் ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்பார்கள். வாளி வாளியாகத் தலையில் ஊற்ற ஊற்ற, வரிசையில் ஈரத்துணியோடு ஒன்றரை மணி நேரம், வழுக்கும் கல் தரை. பிள்ளைக்குத் தீர்த்தம் தெளித்தால் போதும். வெளியே ஒருவர் உலர்ந்த துணியோடு வைத்திருங்கள். புண்ணியத்தில் குறை வராது.

கடலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சொல். தனுஷ்கோடி போகும் வழியில் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடக்கும் வடக்குப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அதை நம்பி மார்கழியில் இறங்காதீர்கள். வாடைக் காற்று வீசும்போது கோபமெல்லாம் வடகடலுக்குத்தான். தனுஷ்கோடி தாண்டிய அரிச்சல்முனையில் கணுக்கால் தண்ணீரில் நிறுத்தினாலும் அலை திரும்பும்போது காலடி மணல் உருவிக்கொண்டு போகும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி ஊரையே கொண்டுபோன புயலைப் பற்றி அவர் அம்மா சொல்லக் கேட்ட அத்தை, அந்தத் தேதியில் பிள்ளையை அந்தப் பக்கம் விடவேமாட்டார். மூடநம்பிக்கைதான், ஆனால் வாடை வீசும் நாளில் நானும் வாதாடுவதில்லை. போனால் காலையில் போய் வெயில் ஏறுமுன் திரும்புங்கள். காலையில் கரைத்த பாலைப் புட்டியில் அடைத்து மத்தியானம் கொடுக்காதீர்கள். மீன் இறக்கும் கரையில் பிள்ளையை வெறுங்காலோடு விடாதீர்கள், மணலுக்குள் கெளுத்தி முள் கிடக்கும். கரை ஒதுங்கிய சொறியை, அதாவது ஜெல்லி மீனை, தொட்டுவிட்டால் மண் போட்டுத் தேய்க்காமல் கடல்தண்ணீரால் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காய்ச்சலில் நடக்கும் தவறும் விருந்தாளி வந்த தவறுதான். நம் வீட்டுப் பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம். மதினி கொண்டுவந்தது 250. மூடி ஒன்று, நிறம் ஒன்று. அதே அளவு ஊற்றினால் மருந்து இரட்டிப்பு. லேபிளைப் படியுங்கள், எடைக்குத் தக்க அளவை டாக்டரிடம் கேட்டு எழுதி ஒட்டிவையுங்கள். "எங்க பிள்ளைக்கு இது நல்லா கேட்டுச்சு" என்று யாராவது இருமல் மருந்தை நீட்டினால் வாங்காதீர்கள். 2 வயசுக்குள் இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, 5 வயசுக்குள்ளும் பொதுவாக வேண்டாம் என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால் உப்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

தீவுக்குள் இருப்பவர்கள் பாலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எங்களுக்குப் பாம்பன் பாலம் தாண்டி. லீவு நாள் சாயங்காலம் வேனை ஓரங்கட்டி ரயில் பார்க்கிற கூட்டத்தில் பாலம் அடைத்துக் கிடக்கும். மூச்சு வேகமாக வாங்குவது, விலா உள்ளே இழுப்பது, எதையும் குடிக்க மறுப்பது, ஆறேழு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாதது, எழுப்பினாலும் சொக்குவது, இதில் ஒன்று தெரிந்தால் "ராத்திரி பார்ப்போம்" என்று தள்ளாதீர்கள்.

இனி பிடிவாதம். மூன்றாம் நாளே "இவன் ரொம்ப அடம், எங்க பிள்ளைக இப்படி இல்ல" என்று ஒரு குரல் வரும். ஒரு வயசிலிருந்து மூன்று வயசுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். பாதிரா ஆராதனைக்குத் தூக்கிப் போகிறோம், விடியுமுன் கோலம் போட எழும்போது அதுவும் எழுந்துவிடுகிறது, மத்தியானம் அண்ணன்மார் செல்போனில் கார்ட்டூன். உலக சுகாதார நிறுவனம் ஒரு வயசுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. ரெண்டு வயசுக்கு மேல் ஒரு மணி நேரம் போதும், அதிலும் குறைவென்றால் நல்லது. மத்தியானத் தூக்கத்தை மட்டும் எந்த விருந்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு அறையைச் சாத்தி, வழக்கமான பழைய சேலையை விரித்துப் படுக்கவையுங்கள். சேலை அதே வாசனையில் இருக்க வேண்டும், துவைத்துவிடாதீர்கள். முன்பின் தெரியாத மாமாவிடம் "போ, முத்தம் குடு" என்று தள்ளுவதும் வேண்டாம். மாமா தரையில் உட்கார்ந்து ஒரு டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தால் பிள்ளை பத்து நிமிடத்தில் தானே வரும். "ஊசி போட்டுருவேன்" என்று மிரட்டுபவர்களை மட்டும் நான் கையோடு கண்டித்துவிடுவேன். பிறகு ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பிடிப்பது நான்தானே.

கோலத்தைச் சொன்னேன் அல்லவா? கதவைத் திறந்துபோட்டு, குனிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நாம் புள்ளி வைக்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் பிள்ளை தாண்டித் தெருவுக்குப் போகும். வெளியே வந்ததும் கொண்டியைப் போடுங்கள்.

ஜனவரி ரெண்டாம் தேதி வாக்கில் எல்லோரும் கிளம்புவார்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு இறக்கினால் அப்பாவும் கடலுக்குப் போய்விடுவார். பிள்ளை வாசலுக்கும் அறைக்கும் நடந்து ஒவ்வொரு பெயராகக் கேட்கும், ராத்திரி எழுந்து அழும். அந்த வாரம் பார்த்துத்தான் வேப்பெண்ணெய் தடவித் தாய்ப்பாலை மறக்கடிக்கவும், அங்கன்வாடியில் கொண்டுபோய் உட்காரவைக்கவும் நமக்குத் தோன்றும். பொங்கல் சந்தடியும் அடங்கி, அவன் பழையபடி ரெண்டு மணிக்குத் தூங்க ஆரம்பிக்கட்டும். நான் தை கடைசி வரை ஒத்திவைத்திருக்கிறேன். அத்தையும் இதில் என் பக்கம்.