படத்தைக் குறை சொல்லும் முன் டிவியைச் சரிசெய்யுங்கள்

"படம் ஏதோ சீரியல் மாதிரி இருக்கு", "வசனமே கேட்கல". வீட்டில் படம் பார்த்தவர்கள் சொல்லும் இந்த இரண்டு குறைகளுக்கும் பல நேரம் காரணம் டிவியின் செட்டிங்தான்.

முதலில் மோஷன் ஸ்மூதிங். சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேம்களில் எடுக்கப்படுகிறது. டிவி தானாக நடுவே ஃபிரேம்களை உருவாக்கிச் செருகும்போது எல்லா அசைவும் வழுக்கிக்கொண்டு போகும். ஓடுகிற ஒருவரின் கை ஓரத்தை உற்றுப் பாருங்கள். கலங்கிய நீர்போல ஒரு படலம் தெரிந்தால் அதன் வேலைதான். எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று பெயர் மாறும். தயங்காமல் அணையுங்கள். படத்தை எடுத்தவர் நினைத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லையென்றால் சினிமா மோடு. முதலில் மஞ்சளடித்ததுபோல் இருக்கும். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும், மாற்றாதீர்கள். முகங்களின் ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரிந்தால் ஷார்ப்னஸைக் குறையுங்கள்.

அடுத்து வசனம். 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், அடியொலிக்கு ஒரு சப்வூஃபர்) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களுக்குள் எல்லாவற்றையும் அடைக்கும்போது இசையும் வெடிச்சத்தமும் பேச்சை அமுக்கிவிடும். படம் பார்க்கும் ஆப்பின் ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ டிராக் (இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலி) இருந்தால் அதற்கு மாறுங்கள். சவுண்ட்பார் வாங்குவதானால் நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 பாருங்கள், 2.1-இல் நடு ஸ்பீக்கர் கிடையாது, அதில் அடியொலிதான் கூடும்.

இருட்டுக் காட்சி தெரியவில்லையா? பிரைட்னஸைத் தொடும் முன் திரைக்கு எதிரே உள்ள விளக்கை அணைத்துப் பாருங்கள். 55 அங்குல டிவிக்கு ஏழரை அடி தூரத்தில் உட்காருவது நல்லது.