டீசல் பர்னர் பற்றவில்லையா? இவற்றைச் செய்யாதீர்கள்

சுடுதண்ணீர் பிரஷர் வாஷரில் திடீரென்று பச்சைத்தண்ணீர் வந்தால், பலர் உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பர்னரைக் கழற்றப் போகிறார்கள். வாட்டர் சர்வீஸ் கடைகளில் நான் பார்த்தவரை, பல சமயம் பர்னரில் கோளாறே இருப்பதில்லை. பர்னர் எரிய வேண்டுமானால் தண்ணீர் ஓட வேண்டும், கரண்ட் வர வேண்டும், டீசல் வர வேண்டும், பொறி பறக்க வேண்டும், காற்று போதுமானதாக இருக்க வேண்டும். தேடுவதும் இதே வரிசையில்தான் இருக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். டிரிகரை அழுத்தி, தண்ணீர் ஓடினால்தான் ஃப்ளோ சுவிட்ச் பர்னரை எரியவிடும். டிரிகரை விட்டதும் தீ அணைவது கோளாறு அல்ல, காயிலை, அதாவது தீயின் மேல் தண்ணீர் ஓடும் சுருள் குழாயைக் காப்பாற்றும் ஏற்பாடு. தண்ணீர் வடிகட்டியில் பாசி அடைத்திருந்தாலோ, பம்பு காற்றை இழுத்தாலோ, சுவிட்சுக்குள் மணல் சிக்கியிருந்தாலோ பர்னர் பேசாமல் நிற்கும். இந்த இடத்தில் சிலர் சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் முறுக்கி டைரக்டாகக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், ‘சும்மா டெஸ்டுக்கு’ என்றுகூட வேண்டாம். தண்ணீர் ஓடாத காயிலின் கீழே தீ எரிந்தால் உள்ளே நீராவி கட்டும். காயில் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் தப்பிப்பது கடினம்.

அடுத்த பெரிய தவறு, பற்றவில்லை என்று திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்வது. ஒவ்வொரு முறையும் நாசில் வழியாக டீசல் உள்ளே தெளிக்கப்படுகிறது. எரியாத டீசல் எரிப்பறையின் அடியில் தேங்கும். கடைசியில் ஒரு பொறி விழும்போது மொத்தமும் குபீரென்று பற்றி, தீ வெளியே அடிக்கும். தீயைக் கவனிக்கும் சென்சார் உள்ள மெஷின்கள் தாமாகவே நின்றுவிடுவது இதனால்தான். ரீசெட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பற்றவில்லையா, நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். தேங்கிய டீசலைத் துடைத்தெடுத்த பிறகே மறுபடி ஓட்ட வேண்டும். காகிதத்தைக் கொளுத்தி உள்ளே நீட்டும் வேலை வேண்டவே வேண்டாம்.

புகைபோக்கியைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். டீசல் நாற்றத்தோடு வெள்ளைப்புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றவில்லை. பொறி பறக்கவிடும் எலெக்ட்ரோடு, அதன் பீங்கான், டிரான்ஸ்ஃபார்மர் இவற்றைச் சோதிக்க வேண்டும். அங்கே ஏறக்குறைய 10,000 வோல்ட் இருக்கும் என்பதால் கரண்டைத் துண்டிக்காமல் கை வைக்காதீர்கள். எலெக்ட்ரோடு முனைகளுக்கு நடுவில் பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். சரியான அளவை உங்கள் மெஷினின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஷட்டரைத் தொட வேண்டும். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி ஃபேன் சோர்ந்து, பொறியும் பலவீனமாகும். வெள்ளையும் இல்லை, கருப்பும் இல்லை, ஃபேன் மட்டும் சுற்றுகிறது என்றால் டீசலே வரவில்லை. ஃபில்டர், ஏர் லாக் (டீசல் குழாயில் சிக்கிய காற்று), சொலினாய்டு வால்வு (கரண்டில் டீசலைத் திறந்துவிடும் வால்வு) என்று பாருங்கள்.

நாசிலை ஊசியால் குத்திச் சுத்தம் செய்வது நம் ஊர்ப் பழக்கம். அந்தத் துளை மிகத் துல்லியமாகச் செய்யப்பட்டது. ஒரு கீறல் விழுந்தாலும் தெளிப்பு கோணலாகி, தீ ஒருபக்கமாக அடித்துக் கரி படியும். புது நாசிலே போடுங்கள். மேலே பொறித்திருக்கும் அளவு, கோணம், தெளிப்பு வகை மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். சூடு போதவில்லை என்று டீசல் பம்பின் பிரஷர் ஸ்குருவைத் திருப்புவதும் வீண்வேலை. 10 பாரை 14 ஆக்கினால் டீசல் 18 சதவீதம்தான் கூடும். காற்றையும் சேர்த்துக் கூட்டாவிட்டால் மிஞ்சுவது கரும்புகை.

காசு மிச்சம் என்று பழைய இன்ஜின் ஆயிலைக் கலக்காதீர்கள். ஃபில்டரும் நாசிலும் அடைத்து, மிச்சமான காசுக்கு மேலே போய்விடும். பெட்ரோல் கலப்பது நேரடி ஆபத்து. டீசல் டேங்கின் அடியில் தங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

தீ நன்றாக எரிந்தும் தண்ணீர் சூடாகவில்லை என்றால்? நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்ற சுமார் 35 கிலோவாட் வெப்பம் வேண்டும். மணிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் டீசல். பம்பைப் பெரிதாக மாற்றி 15 லிட்டர் ஓடவிட்டால், அதே தீயில் 63 டிகிரி வந்தாலே அதிகம். பர்னரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பம்பு பழையதேதான் என்றால் காயிலைச் சந்தேகப்படுங்கள். வெளியே கரி, உள்ளே போர்வெல் தண்ணீரின் உப்பு, இரண்டுமே வெப்பத்தைத் தடுத்துப் புகைபோக்கி வழியே அனுப்பிவிடும். பம்பு கேஜில் பிரஷர் ஏறியிருந்து, கையில் பிடிக்கும் ஸ்ப்ரே கன்னில் தண்ணீர் மெலிந்து வந்தால் உப்பு அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்காகக் கழிவறை ஆசிட்டை ஊற்றாதீர்கள், அது உப்போடு இரும்பையும் தின்னும். காயிலுக்கென்று விற்கும் டீஸ்கேலரை (உப்பைக் கரைக்கும் திரவத்தை)ச் சொன்ன அளவில் கலந்து, திறந்தவெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு சுற்றவிடுங்கள். அப்புறம் நிறைய நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். தினமும் வேலை முடிந்ததும் பர்னரை மட்டும் அணைத்து, கன்னில் பச்சைத்தண்ணீர் வரும்வரை ஓடவிட்டு நிறுத்தினால், சூட்டில் காயிலுக்குள் உப்பு படிவது குறையும்.