சொட்டுநீர்க் குழாய் அடைக்காமல் கொட்டகைத் தண்ணீரை விட: பத்து மாட்டுக்கு ஒரு கணக்கு

காவேரிப்பட்டணம் மாந்தோப்போ, பாலக்கோட்டுத் தென்னையோ, சாணத் தண்ணீரைச் சொட்டுநீரில் விட்டால் முதலில் வருவது அடைப்புதான். சாணத்தைத் தண்ணீரில் கரைத்துவிட்டுப் பிறகு பிரிக்கப் பார்ப்பதே அதற்குக் காரணம்.

காலையில் குழாயைத் திறக்கும் முன் சாணத்தை வழித்துக் கூடையில் அள்ளுங்கள். ஒரு கலப்பினப் பசு நாளைக்குப் போடும் 15 முதல் 20 கிலோ சாணத்தில் பெரும்பங்கு அதிலேயே தனியாகிவிடும். மாட்டுக்கு 30 லிட்டர் கழுவும் தண்ணீர், 8 லிட்டர் கோமியம் என்று வைத்தால், பத்து மாட்டுக்கு வடிவது 400 லிட்டருக்குள் அடங்கும். கூரை மழைநீரை இதில் சேர்க்காதீர்கள். ஒரு நல்ல மழைக்கே தொட்டி கலங்கிவிடும்.

தரை 40 அடிக்கு ஓரடி சரிவாக இருக்கட்டும். வடிகால் முடியும் இடத்தில் 2 அடி சதுரம், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு மண் குழி. குளம்பில் ஒட்டி வரும் மண்ணும் கல்லும் இங்கேயே நின்றுவிட வேண்டும்.

அடுத்தது சல்லடை. ஆங்கிள் சட்டத்தில் 1 மி.மீ. கண் கொண்ட எவர்சில்வர் வலையைச் செங்குத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சாய்த்து வையுங்கள். தண்ணீர் மேல் விளிம்பில் பரவி வழிந்தால் நார் தானே சரிந்து கீழே விழும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை வேண்டாம், கோமியத்தில் துருப்பிடிக்கும். வலையின் பின்பக்கத்தையும் தினமும் பிரஷால் தேயுங்கள்; வழவழப்பு படிவது அங்கேதான். ராகித்தாளை நறுக்காமல் போடும் கொட்டகையில் நீள நார் வலையைப் போர்த்திக்கொள்ளும், மோட்டாரிலும் சுற்றிக்கொள்ளும்.

சல்லடையைத் தாண்டிய தண்ணீர் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள தொட்டிக்குப் போகட்டும். இப்படி இரண்டு தொட்டிகள் வேண்டும், ஒன்று மாற்றி ஒன்று ஓட. வெளியேறும் வாயில் டீ (T) வடிவக் குழாய் பொருத்தி, அதன் கீழ்க்கை நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே இருக்கும்படி செய்யுங்கள். மேலே மிதக்கும் ஆடையும் அடியில் தங்கும் கசடும் போகாது, நடுத் தண்ணீர் மட்டும் போகும். கசடு பாதி ஆழத்துக்கு வந்ததும் அடுத்த தொட்டிக்குத் திருப்பிவிட்டு, முதல் தொட்டியை வடியவிடுங்கள். அதை வெளியில் நின்றுதான் அள்ள வேண்டும். கசடைக் கிளறினால் நச்சுவாயு கிளம்பும். உள்ளே இறங்கிய ஆளைக் காப்பாற்ற இறங்குபவரும் மயங்கி விழுவார்.

தெளிந்த நீரில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் கரைந்திருக்கும். அதோடு பத்து பங்கு தண்ணீர் சேர்த்து, 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்) டிஸ்க் ஃபில்டர் வழியாகத் தென்னை, மா, தீவனப்புல்லுக்கு விடலாம். பச்சையாகத் தின்னும் காய்க்கு வேண்டாம். விட்டு முடித்ததும் 20 நிமிடம் வெறும் தண்ணீர் ஓடட்டும். பிறகு பக்கவாட்டுக் குழாய்களின் முனையைத் திறந்து கழுவுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்புக் கடினம் என்பதால், கழுவாத குழாயில் வெள்ளைப் படிவம் சீக்கிரம் கட்டும்.

சல்லடை நாரைக் கையில் பிழிந்து பாருங்கள். தண்ணீர் ஒழுகினால் இன்னும் ஈரம் அதிகம். அப்படியே எருவுக்குக் குவித்தால் சூடேறி மக்காமல் நாறும். நிலக்கடலைத் தோல் கலந்து, பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் பதத்துக்குக் கொண்டுவந்து குவியுங்கள்.

கழிவைத் திருகி அழுத்தி நாரையும் நீரையும் பிரிக்கும் திருகு அழுத்தி இயந்திரம் பத்து மாட்டுக்குத் தேவையில்லை. வாங்கினாலும் நீர்த்த கழிவை ஊற்றினால் முனையில் நார் இறுகிக் கட்டியாக நின்று தண்ணீரைப் பிழியாது, எல்லாம் அப்படியே வழிந்து வந்துவிடும்.