முதல் போட்டது யார் என்று செய்திக்கும் கேளுங்கள்

காரைக்குடியில் ஒரு கடை திறந்தால் "முதல் போட்டது யாரு?" என்று விசாரிக்காத ஆள் கிடையாது. கொடுக்கல் வாங்கலில் ஊறிய ஊர். ஆனால் அதே ஆள் டீக்கடையில் பேப்பரை விரித்ததும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறார், நாம் செய்கிற முதல் தவறே இதுதான். 1920களில் இங்கிருந்து வந்த 'தன வைசிய ஊழியன்' யாருக்கான இதழ் என்று பெயரிலேயே சொல்லிவிட்டது, தன வைசியர் என்றால் நகரத்தார். இன்றைக்கு அப்படித் தெரிவதில்லை. 2014இல் செய்திச் சேனல்கள் நடத்தும் நெட்வொர்க்18 ரிலையன்ஸ் கைக்கு வந்தது, 2022 கடைசியில் என்டிடிவி செய்திச் சேனல் அதானி குழுமத்துக்குப் போனது. சேனல் பெயர் அதேதான், வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

கட்சி சேனல் என்றால் உஷாராகப் பார்க்கிறோம், சரி. கம்பெனி நடத்தும் சேனல் நடுநிலை என்று நம்பிவிடுகிறோமே, அது தப்பு. துறைமுகத்துக்கும் மின்சாரத்துக்கும் அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய முதலாளி, அந்த அரசைத் தன் சேனல் குடைந்து கேள்வி கேட்பதை எவ்வளவு தூரம் விரும்புவார்?

அப்புறம், பொய்யை மட்டும் தேடாதீர்கள். வராத செய்திதான் அதிகம் கெடுக்கிறது. எங்கள் பக்கம் ஒரு கண்மாயின் வரத்துக்கால்வாயை அடைத்து மனை போட்டார்கள், ஊரே கொதித்தது, நான் வாங்குகிற பேப்பரில் ஒரு வரி இல்லை, அதே மனைக்கு முழுப்பக்க விளம்பரம் மட்டும் வந்தது. அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. வாசகர் கொடுக்கிற சில ரூபாய் பேப்பர் அடிக்கிற செலவுக்கே காணாது, மிச்சத்தை விளம்பரக்காரர்தான் கட்டுகிறார்.

தேர்தல் நேரத்தில் வேட்பாளரைப் புகழ்கிற 'செய்தி'யைச் செய்தியாகவே படிக்காதீர்கள். பெய்டு நியூஸ், அதாவது காசு வாங்கிக்கொண்டு செய்தி மாதிரி போடுகிற விளம்பரம், அதற்கான செலவைக் கணக்கில் காட்டாததற்காக உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரை 2011இல் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுக்குத் தகுதிநீக்கமே செய்தது. சந்தேகம் வந்தால் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் புகார் கொடுக்கலாம், அதை விசாரிக்கவே மாவட்டத்துக்கு ஒரு ஊடகக் கண்காணிப்புக் குழு உண்டு.

எல்லாமே விலைபோனது என்று பேப்பரை மூடிவிட்டு வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்புவது இன்னும் மோசம், அதற்கு முதல் போட்டது யார் என்று கேட்கக்கூட வழியில்லை. வெயிலில் அலைந்து எழுதி அனுப்புகிற நிருபர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள், பல நேரம் செய்தி மேலே போய்த்தான் சாகிறது. முதலாளி வேறு வேறாக உள்ள இரண்டு பேப்பரை ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், ஒன்றில் வந்து மற்றதில் காணாமல் போன செய்தியைக் குறித்து வையுங்கள்.