ஸ்ரீரங்கத் தீவில் நிதானமாக இரண்டு நாள்: எப்போது போவது, எந்த வழியில் போவது

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகிறவர்கள் பெரும்பாலும் விடிகாலையில் கிளம்பி, வரிசையில் நின்று, பெருமாளைச் சேவித்து, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். ஊர் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஸ்ரீரங்கம் ஒரு தீவு. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, தெற்கே காவிரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் ஓடி, கல்லணை அருகே மறுபடி நெருங்கி வருகிறது. இடையில் கிடக்கும் நீண்ட நிலத்தில் வாழை, நெல், தென்னை, நடுவே மதிலுக்குள் மதிலாக ஒரு ஊர். அமைதி அங்கே தாராளமாக இருக்கிறது. நாளையும் மணியையும் சரியாகத் தேர்ந்தெடுத்து, ஒரு ராத்திரி தங்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த மாதம்

முதலில் ஆற்றைக் கணக்கில் எடுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அணையில் நீர் குறைந்த வருஷங்களில் திறப்பு தள்ளிப்போகும், செய்தி பார்த்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும். ஆனால் காவிரிக் கரையில் அம்மாமண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்தால் எதிரே பெரும்பாலும் மணல்தான். தீவு என்ற உணர்வே வராது.

அடுத்தது பெருமாள். இதைப் பலர் தெரிந்துகொள்ளாமல் போய் ஏமாறுகிறார்கள். ஆனி மாதக் கேட்டை நட்சத்திரத்தில் ஜேஷ்டாபிஷேகம் நடக்கும். அதன் பிறகு மூலவர் திருமேனிக்குத் தைலம் பூசும் தைலக்காப்பு சாத்துவதால் ஏறத்தாழ 48 நாள் திருமுகத்தை மட்டுமே சேவிக்கலாம், திருவடி சேவை கிடையாது. தொலைவிலிருந்து வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் இந்த 48 நாளைப் பஞ்சாங்கத்தில் எண்ணிப் பார்த்துத் தவிர்க்கலாம்.

ஆடியில் தண்ணீர் ததும்பும், கூட்டமும் ததும்பும். பதினெட்டாம் பெருக்கன்று அம்மாமண்டபத்தில் கால் வைக்க இடம் இருக்காது. புரட்டாசிச் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள், தை வரை அது ஓயாது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி.

இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஆவணி. தைலக்காப்பு நாட்கள் முடிந்து, புரட்டாசி பிறப்பதற்கு முன்னால், ஏறக்குறைய ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் நடு வரை. காவிரி நிறைய ஓடும், முழுத் திருமேனியையும் சேவிக்கலாம், வரிசை சிறியது. ஸ்ரீஜயந்தி, பிள்ளையார் சதுர்த்தி விடுமுறைகளையும் முகூர்த்த நாட்களையும் தள்ளிவிட்டு, திங்கள் முதல் வியாழனுக்குள் இரண்டு நாள் எடுங்கள். அந்த நாள் ஏகாதசியாகவோ அமாவாசையாகவோ பெருமாளின் ரேவதி நட்சத்திரமாகவோ இருக்கக் கூடாது. அமாவாசையன்று தர்ப்பணம் செய்ய வருகிறவர்களால் படித்துறை நிறைந்திருக்கும். வெள்ளிக்கிழமை தாயார் சன்னதியில் கூட்டம்.

மழைக்கு அஞ்சாதவர்களுக்கு ஐப்பசியும் நல்லது. மற்ற மாதங்களில் பெருமாள் திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் வரும். துலா மாதமான ஐப்பசியில் மட்டும் அம்மாமண்டபத்திலிருந்து தங்கக் குடத்தில், யானை மேல், குடையும் மேளமுமாக வரும். இருட்டுப் பிரியாத நேரத்தில் தெற்கு ராஜகோபுரத் தெருவில் ஓரமாக நின்றால் போதும், யானை உங்களைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

பரமபத வாசலைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு யோசனை. வாசல் வைகுண்ட ஏகாதசியன்று மட்டும் திறப்பதில்லை, அன்று தொடங்கும் பத்து நாள் உற்சவமான இராப்பத்தின் மற்றப் பல நாட்களிலும் திறக்கும். கோயில் வெளியிடும் நிகழ்ச்சி நிரலில் நேரம் பார்த்து, ஏகாதசி கழிந்து நாலைந்து நாள் விட்டுப் போனால் நெரிசல் கணிசமாகக் குறைந்திருக்கும்.

போகும் வழி

டெல்டாக்காரர்கள் செய்கிற முதல் தவறு ரயிலில். ஸ்ரீரங்கம் ரயில் நிலையம் அரியலூர், விருத்தாசலம் வழியாகச் செல்லும் கார்டு லைனில் இருக்கிறது. மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக வரும் வண்டிகள் திருச்சி ஜங்ஷனுக்குத்தான் போகும். அங்கே இறங்கி, நடந்தே மத்திய பேருந்து நிலையம் போய், 1-ஆம் நம்பர் டவுன் பஸ் ஏறுங்கள்.

பஸ்ஸில் வருகிறவர்கள் திருச்சி ஊருக்குள் போகவே வேண்டாம். தஞ்சாவூர் ரோட்டில் பால்பண்ணையில் இறங்கி ஆட்டோ பிடித்தால், சஞ்சீவி நகர் வழியாகக் காவிரிப் பாலம் தாண்டித் திருவானைக்காவல் வந்துவிடலாம். காரில் வருகிறவர்களுக்கும் இதே வழிதான். லால்குடி பக்கத்திலிருந்து வந்தால் நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்குங்கள், கொள்ளிடத்தைக் கடந்தால் தீவு.

சொந்த வண்டி இருந்து, பகலும் மிச்சமிருந்தால் நாங்கள் சொல்வது கல்லணை வழி. பூதலூர் அல்லது திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை வந்து, தீவின் வால் நுனியில் ஏறி, கிளிக்கூடு, உத்தமர்சீலி, திருவளர்ச்சோலை என்று மேற்கே போனால் திருவானைக்காவல். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் வாழைத்தோப்பு. ரோடு குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும், இருட்டிய பிறகு வேண்டாம். மேட்டூரிலிருந்து பெருமளவு தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் உத்தமர்சீலி தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவதுண்டு. அப்போது பால்பண்ணை வழியே சரி.

தங்குமிடம்

கோயிலுக்குச் சொந்தமான யாத்ரி நிவாஸ் பஞ்சக்கரை ரோட்டில், கொள்ளிடக் கரைப் பக்கம் இருக்கிறது. கோயில் இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். இடம் விசாலம், சுத்தம். ஆனால் சன்னதிக்கு நடக்கக் கொஞ்ச தூரம், விடிகாலையில் ஆட்டோவுக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். அம்மாமண்டபம் ரோட்டு லாட்ஜ்கள் ஆற்றுக்குப் பக்கம், இரைச்சலுக்கும் பக்கம். அமைதிக்குக் கோயிலைச் சுற்றியுள்ள உத்திர வீதி, சித்திரை வீதிகளில் உள்ள வீட்டு அறைகளே மேல். அறை எடுக்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: வண்டி வாசல் வரை வருமா, காலை 5 மணிக்கு வெந்நீர் கிடைக்குமா. முகூர்த்த நாட்களில் கல்யாணக்காரர்கள் மொத்தமாக அறைகளை எடுத்துவிடுவார்கள். ஏகாதசிக்கு என்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

முதல் நாள்

மூன்று மணிவாக்கில் வந்து சேருங்கள். அன்றைக்குக் கோயிலுக்குள் போக வேண்டாம். வெயில் தாழ்ந்ததும் வெளிமதிலை ஒட்டிச் சுற்றிவரும் அடையவளஞ்சான் வீதியில் நடங்கள். வெளிமதில் 3,072 அடி நீளம், 2,521 அடி அகலம். ஒரு சுற்று ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர், நின்று பார்த்து நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். மதிலை ஒட்டியே வீடுகள், மாட்டுக் கொட்டில், பூக்கட்டுகிறவர்கள். கோயில் தனி, ஊர் தனி என்று இல்லாமல் இரண்டும் ஒன்றாகப் பின்னிக் கிடப்பது இந்த நடையில்தான் புரியும். தெற்கே வரும்போது ராஜகோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். 13 நிலை, 236 அடி. பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாக நின்று, 1987-இல்தான் கும்பாபிஷேகம் கண்டது.

அங்கிருந்து அம்மாமண்டபம் நடக்கும் தூரம்தான். படிகளில் உட்காரலாம், கால் நனைக்கலாம். குளிப்பதானால் கம்பி கட்டிய படிக்குள்ளேயே குளியுங்கள், மேலே தெளிவாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு உண்டு. கொள்ளிடத்தில் இறங்கவே வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரியாது, முதலையும் உண்டு.

இரண்டாம் நாள் விடிகாலை

இதற்காகத்தான் தங்குவது. ஐந்தேகாலுக்குள் விஸ்வரூபம் என்னும் அன்றைய முதல் சேவைக்கான வரிசையில் நில்லுங்கள். ஆறு மணிக்குச் சன்னதி திறக்கும்போது பசுவும் யானையும் பெருமாள் முன் வந்து நிற்கும், வீணை வாசிப்பார்கள். ஊர் இன்னும் பேச ஆரம்பித்திருக்காது.

சாதாரண நாட்களில் ஏறத்தாழ ஏழேகால் முதல் ஒன்பது வரை பூஜைக்காகச் சேவை நிறுத்தப்படும். நண்பகல் 12 முதல் ஒன்றேகால் வரையிலும், மாலை ஆறு மணியை ஒட்டி முக்கால் மணி நேரமும் அப்படியே. காலை பஸ்ஸில் எட்டு மணிக்கு வந்து சேருகிறவர்கள் எல்லாரும் இந்த இடைவெளியில் மாட்டி, ஒன்பது மணிக்கு ஒரே வரிசையாகத் திரள்கிறார்கள். வரிசை நீளமாவதற்குப் பாதிக் காரணம் இதுதான். நீங்கள் அதற்குள் சேவித்து முடித்திருப்பீர்கள்.

அந்த இடைவெளியில் கோயிலைப் பாருங்கள். கிழக்கே சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களுக்கு முதலில் போங்கள். ஒரு தூணுக்கு முன்னால் குனிந்து கவனியுங்கள்: முன்னங்கால் தூக்கிய குதிரை, மேலே வீரன், அவன் ஈட்டி பாயும் புலி, குதிரையின் வயிற்றுக்குக் கீழே கத்தியோடு இன்னொரு ஆள். எல்லாம் ஒரே கல். பிறகு ராமானுஜர் சன்னதி, சக்கரத்தாழ்வார். தாயார் சன்னதிப் பக்கம் போனால் கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லும் மண்டபமும், நெல் சேமித்த வட்டமான கொட்டாரங்களும் இருக்கின்றன. நம் பக்கத்து நெல் வந்து சேர்ந்த இடம் என்று நினைத்துப் பார்க்கும்போது தஞ்சாவூர்க்காரர்களுக்கு அதில் தனி ஈடுபாடு வரும். தாயார் படிதாண்டாப் பத்தினி, வீதி உலா வருவதில்லை, நாம்தான் அங்கே போய்ச் சேவிக்க வேண்டும்.

செருப்பை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தெற்கு வாசலில் விட்டு வடக்கு வழியாக வெளியே வந்துவிட்டு, கொதிக்கிற கல்லில் திரும்பி ஓடுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் பிராகாரத்தில் வெறுங்காலோடு நிற்கவே முடியாது. வேட்டி, புடவை, சுடிதார் எதுவானாலும் சரி, அரை டிராயர் வேண்டாம்.

மதியத்துக்குள்

பதினொன்றரைக்குத் திருவானைக்காவல் போய்விடுங்கள். உச்சிகாலப் பூஜையில் அர்ச்சகர் புடவை உடுத்தி, அம்பாளாகவே ஜம்புகேஸ்வரரைப் பூஜிப்பார். அப்பு லிங்கம், அதாவது நீர் லிங்கம் என்பதால் சன்னதிக்குள் நீர் கசியும், ஆற்றில் வெள்ளம் போகும் மாதங்களில் இன்னும் கூடும். முடிந்ததும் சன்னதித் தெருப் பக்கம் நெய் ரோஸ்ட் சாப்பிடலாம். மத்தியானம் தூங்குங்கள்.

குழந்தைகள் உடன் வந்திருந்தால் திருவானைக்காவலை விட்டுவிட்டு, காலை ஒன்பதரைக்கு மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகலாம். வெயில் ஏறிய பிறகுதான் பூச்சி பறக்கும், மூடிய வானத்தில் போய்ப் பயனில்லை. டவுன் பஸ் அடிக்கடி கிடையாது. ஆட்டோவில் போனால், காத்திருந்து திரும்ப அழைத்து வரும் தொகையையும் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மாலையில் நேரம் இருந்தால் வடக்கே தசாவதாரச் சன்னதிக்குப் போங்கள். பெரிய கோயில் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே வராது. பத்து அவதாரங்களும் வரிசையாக நிற்கும் சின்னச் சன்னதி, அர்ச்சகர் ஒவ்வொன்றாகத் தீபம் காட்டிச் சொல்வார். பிரசாதக் கடையில் புளியோதரை வாங்குவதானால் கிளம்பும்போது வாங்குங்கள், கும்பகோணம் போகும் வரை கெடாது. தயிர் சாதத்தை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். கல்லணை வழியாகத் திரும்புகிறவர்கள் நாலரைக்குள் வண்டியை எடுத்தால் வெளிச்சத்திலேயே பூதலூர் தாண்டிவிடலாம்.