ரைசன் டெஸ்க்டாப்புக்கு ரேம் வாங்கும்போது

ஏஎம்5 (ஏஎம்டியின் ரைசன் 7000 முதலான பிராசஸர்களுக்கான சாக்கெட்) மதர்போர்டில் டிடிஆர்5 வகை ரேம் மட்டுமே பொருந்தும். வீட்டில் கிடக்கும் டிடிஆர்4 ரேமை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு சேர்த்து விற்கும் ஒரே கிட்டாக, 6000 MT/s வேகத்தில் வாங்குங்கள். ஒற்றை ஸ்டிக் போட்டால் ஒரு சேனல்தான் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதை) வேலை செய்யும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு அது பெரிய அடி, கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பயன்படுத்தும். நான்கு ஸ்டிக் போடுவதும் தொல்லைதான்: ரைசன் 7000 வரிசைக்கு அப்போது ஏஎம்டி உறுதி தருவது வெறும் 3600 வேகம்.

நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-இல் செருகுங்கள். முதல்முறை ஆன் செய்ததும் திரை சில நிமிடம் கருப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைச் சோதித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறது. பதறிப்போய் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. பிறகு பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் மேல் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 6000க்குக் காசு கொடுத்துவிட்டுப் பெரும்பாலும் 4800இல்தான் ஓட்டுவீர்கள்.