‘க்ரை வுல்ஃப்’: புலியை ஓநாயாக்கும்போது வழுக்கும் இடங்கள்

ஈசாப் கதையில் ஆடு மேய்க்கும் பையன் இல்லாத ஓநாய்க்கு ஊரைக் கூட்டிக் கூட்டி, நிஜமாக வந்த அன்று ஆளின்றித் தவித்தான். ‘க்ரை வுல்ஃப்’ (cry wolf) என்கிற ஆங்கிலத் தொடர் அங்கிருந்து வந்தது. ஆபத்தே இல்லாமல் ஆபத்து என்று வேண்டுமென்றே கூச்சலிடுவது என்று பொருள். ‘க்ரை’ இங்கே அழுவதல்ல, கத்துவது.

‘புலி வருது’ எல்லாம் ஓநாய் அல்ல

‘புலி வருது’ என்று நாம் சொல்லும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் ‘க்ரை வுல்ஃப்’ என்று எழுதுவது, எத்தனை முறை திருத்தினாலும் திரும்ப முளைக்கிற தவறு. கதை ஒன்றுதான், நம்மூரில் ஓநாய் புலியாயிற்று, அவ்வளவே. ஆனால் தொடர் தமிழில் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. தீபாவளிக்குத் தீபாவளி தள்ளிப்போகும் படம், தூண் மட்டும் நிற்கும் மேம்பாலம், வரும் வரும் என்கிற சம்பள உயர்வு: எல்லாமே நமக்குப் ‘புலி வருது’ கதை. சொன்னது வரவில்லை என்பதுதான் நம் குறை. ஆங்கிலத்தில் குறை கத்தியவன்மீது: பொய்யாக அலறினான், இனி அவனை நம்ப ஆளில்லை.

போனஸை இழுத்தடிக்கும் நிர்வாகத்தைப் பற்றி ‘தி மேனேஜ்மென்ட் இஸ் க்ரையிங் வுல்ஃப்’ என்று மின்னஞ்சல் போனால், கம்பெனி நஷ்டம் என்று நிர்வாகம் பொய்ப் பீதி கிளப்புவதாகத்தான் படிப்பவருக்குப் புரியும். கேட்க வந்தது போனஸ், போய்ச் சேர்ந்தது குற்றச்சாட்டு. அங்கே ‘எம்ப்டி ப்ராமிஸஸ்’ (வெற்று வாக்குறுதிகள்) போதும்.

எழுதுமுன் பாருங்கள்: அந்த ஆள் ‘ஐயோ, ஆபத்து’ என்கிறாரா, ‘இதோ தருகிறேன்’ என்கிறாரா? முதல் ஆளுக்கு மட்டும்தான் ஓநாய்.

தெரியாமல் அடித்த மணி

தாளிப்புப் புகைக்கு அலறும் தீ எச்சரிக்கை மணி ‘ஃபால்ஸ் அலாரம்’. நல்லெண்ணத்தில் பதறி எச்சரித்தவர் விஷயத்திலும் அதே சொல்தான். ‘க்ரையிங் வுல்ஃப்’ என்றால் அவரைப் பொய்யர் என்கிறீர்கள். புகார் கொடுத்த சக ஊழியரைப் பற்றி விசாரணைக்கு முன்பே இப்படி எழுதிவிட்டு, பிறகு ‘சும்மா ஒரு பேச்சுக்கு’ என்றால் எடுபடாது.

எல்லாப் பொய்க்கும் பொருந்துமா?

பொருந்தாது. போலி டிகிரி வெறும் பொய்தான், அதில் ஆபத்து என்ற கூச்சல் இல்லை.

இலக்கணம்

‘எ’, ‘தி’ எதுவும் ஒட்டாது. ‘வுல்வ்ஸ்’ என்று பன்மையும் ஆகாது. இறந்தகாலம் ‘க்ரைட் வுல்ஃப்’. பலமுறை ஏமாற்றி நம்பிக்கை இழந்தவரை ‘ஹி ஹேஸ் க்ரைட் வுல்ஃப் டூ மெனி டைம்ஸ்’ என்பார்கள்.

உச்சரிப்பு

‘வோல்ஃப்’ வேண்டாம், ‘வுல்ஃப்’.